பூனைக்கு ஈடாகக் கொடுத்த உப்பு

இதை எழுத நான்கு வருடமாகத் தயங்கினேன். நோட்டை எடுத்து வைத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுவேன். பால் வைத்திருக்கவே மாட்டேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். தெருவில் நாலு பேரிடம் இந்த விஷயத்தை வாயால் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குச் சாதகமாக ஒரு இடத்தில் கொஞ்சம் வளைந்துவிடும். எழுதினால் வளையாது என்று நினைத்துத்தான் சாமி விளக்கை ஏற்றிவிட்டு இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு மகனும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் அவரைப் பூனைக்காரர் என்றுதான் சொல்வோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் அவருடைய ஊர். சங்கராபுரம் வாரச் சந்தைக்குக் கடுக்காய், புளி, சாமை என்று எதையாவது கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். கடுக்காய் உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். யார் வீட்டுக்கு வந்தாலும் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டுப் படியில் உட்காருவார்.

மலையில் தானியம் சேர்த்து வைக்கிற வீடுகளில் பூனை வளர்ப்பார்கள். குட்டிகள் அதிகமானால், கீழே கேட்கிறவர்களுக்கு இவர் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து தருவார். பஸ்ஸில் கண்டக்டர் விடமாட்டாராம்.

"பெரியவரே, கோணியில இன்னா?"

"புளி."

"புளி மியாவுன்னு கத்துமா?"

"புதுப் புளி. கத்தும்."

இதை அவரே சொல்லிவிட்டுச் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார். நாங்கள்தான் சிரிப்போம்.

பூனை கொடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. காசு வாங்க மாட்டார். "காசுக்கு வாங்கின பூனை காசு மாதிரியே கைய விட்டுப் பூடும்" என்பார். ஒரு படி கல் உப்பு வாங்கிக்கொள்வார். மலையடிவாரத்தில் பஸ் மாறும்போது, பூனை இருக்கிற கோணியை இடம் மூன்று, வலம் மூன்று சுற்றிவிடுவார். அதற்கு வழி மறந்துபோகுமாம். பூனை பிறந்த வீட்டு அடுப்புச் சாம்பலை ஒரு துணியில் முடிந்து வந்திருப்பார். அதையும் புது வீட்டு அடுப்புச் சாம்பலையும் கலந்து அதன் உள்ளங்காலில் தடவுவார். பிறகு ஒன்பது நாள் கதவு திறக்கக் கூடாது. ஒன்பதாம் நாள் அவரே வருவார். வந்து ஒன்றே ஒன்றுதான் பார்ப்பார். பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லி, அது எந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிடுகிறது என்று பார்ப்பார். வாசலுக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டால் அது வந்துவிட்டது. அந்த உப்பு அன்றைக்கு அவர் வீட்டு உலையில் விழும். வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் வரவில்லை. உப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் தெருவில் சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போகிற ஒருவர் இதற்காகச் சண்டையே போட்டார்.

"பாலு ஊத்தறேன், நெத்திலி போடறேன். இன்னும் இன்னாய்யா பண்ணணும் அதுக்கு? ஏசி போடணுமா?"

"நீங்க ஒண்ணும் கம்மி பண்ணல சாமி. அது இன்னும் வரல."

"தோ, இங்கதானய்யா குந்திகினு இருக்குது!"

"ஒடம்பு குந்திகினு இருக்குது. கண்ணப் பாருங்க, வாசல்ல இருக்குது. கொண்டாந்து வுட்றது வேற சாமி, அது வந்து சேர்றது வேற."

உப்பு முடிச்சைப் படியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் குணமே அதுதான். ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டதாலேயே அது வந்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஒருமுறை எதிர்வீட்டுப் புது மருமகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, அவள் மாமியாரிடம் மெல்லச் சொன்னார், "இந்தப் பொண்ணு இன்னும் வரலம்மா. நீங்க கொண்டாந்துட்டீங்க, அவ்ளோதான்." அந்தம்மா அவர் முகத்துக்கு நேராகவே, "பூனக்காரனுக்கு வாய் ஜாஸ்தி. என் மருமவளுக்கும் கால்ல சாம்பல் தடவுவியா?" என்று கேட்டார். "கேட்டா தடவுறேன்" என்றார் இவர்.

நாங்கள் பங்காளிகளோடு இருந்த பழைய வீட்டை விட்டு, கரும்புக் கொல்லை ஓரத்தில் புது வீடு கட்டிக் குடிவந்தோம். மாசி மாதம் பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டினார்கள். கொல்லையில் இருந்த எலியெல்லாம் எங்கள் வீட்டுக்குள் குடியேறிவிட்டன. அரிசி மூட்டை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எண்ணெயில் ஊறின திரியை எரிய எரிய இழுத்துப் போட்டு, சாமி படத்துக்குக் கீழே விரித்த பட்டுத் துணியைக் கருக்கிவிட்டது ஒரு எலி. மருந்து வைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். பிள்ளையார் வாகனத்துக்கு விஷம் வைப்பதா என்று நான் அழுதேன்.

"மருந்து வெச்சா பாவம், பூனைய வெச்சா புண்ணியமா?" என்று கேலி செய்தார்.

"பூனை அது பசிக்குப் புடிக்குது. மருந்து யாரு பசிக்கு?" என்றேன்.

சந்தைக்குப் போய்ப் பூனைக்காரரைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். மனைவி இறந்து இரண்டு மாதம் என்றார். தனக்கு ரத்தக் கொதிப்பு, மலையில் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் சின்னசேலத்துக்குக் கூப்பிடுகிறான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. வீட்டுக்காரர் பூனை, நாய் கூடாது என்கிறார்.

"குட்டி இப்ப இல்லம்மா. பெருசு ஒண்ணு இருக்குது. எங்க வூட்டுது. அவ வளத்தது. வெச்சிக்குவீங்களா?"

அடுத்த வாரமே கொண்டுவந்தார். கோணியில் இல்லை. மூங்கில் கூடையில், மேலே இறந்துபோன மனைவியின் பழைய புடவையைச் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருந்தது. கத்தவே இல்லை.

"அண்ணே, அடிவாரத்துல சுத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"சுத்தலம்மா. கை வரல."

எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது? பின்னாலிருந்த வெந்நீர் அடுப்பில் ஒரு பிடி அள்ளிவந்தேன். அவர் இடுப்பு முடிச்சிலிருந்து தன் வீட்டுச் சாம்பலை எடுத்தார். அந்தம்மா கடைசியாக எரித்த அடுப்பின் சாம்பல். அதைச் சிந்தாமல் கலந்து பூனையின் உள்ளங்காலில் தடவினார். நான் என்னுடைய பழைய புடவைத் துண்டில் ஒரு படி உப்பை முடிந்து கொடுத்தேன்.

"எங்க வூட்டுப் புள்ள மாதிரி வெச்சிக்கிறேண்ணே."

"புள்ள மாதிரி வாணாம்மா. பூனை மாதிரியே வெச்சிக்குங்க. ஒம்பது நாள் கதவ மட்டும் தொறந்துடாதீங்க." காலிக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார், "அது தங்கிடுச்சின்னா நானும் போயி மவன் வூட்ல தங்கிடுவேன். தங்கலன்னு வைங்க, இட்டுகினு மேல போயிடறேன். ரெண்டு பேரும் அங்கியே ஒண்ணா கெடக்குறோம்."

இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்தி முன்கதவைத் திறந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் தவறவிட்டதில்லை.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு ஜன்னல தொறந்து வெச்சிக்கயேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மகாலட்சுமி இன்னா ஜன்னல் வழியாவா ஏறிக் குதிச்சி வருவா?"

பூனை சமையலறை மூலையில் படுத்திருந்தது. ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரந்தானே, சாமி பார்த்துக்கொள்வாள் என்று கதவைத் திறந்தேன். தட்டில் கற்பூரம் ஏற்றி இரண்டு கையாலும் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என் காலை உரசிக்கொண்டு ஏதோ போயிற்று. திரும்பிப் பார்த்தேன். படி இறங்கி, ஒரு தடவை நின்று, வெட்டின கொல்லைப் பக்கம் நடந்தது. ஓடக்கூட இல்லை. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எரிகிற கற்பூரத்தைப் பாதியில் வைக்கக் கூடாது என்று அது அணைகிறவரை நின்றேன்.

இரண்டு நாள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை கொல்லை கொல்லையாகத் தேடினோம். கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தார். வெளுத்த வேட்டி. கையில் துணிப்பை. அரைஞாண் கயிற்றில் மலை வீட்டின் சாவி. படியில்கூட உட்காரவில்லை.

"வந்துடுச்சாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஏன் என்று கேட்பார். கதவைத் திறந்தேன் என்று சொல்ல வேண்டும்.

"வந்துடுச்சிண்ணே."

"முதுவு காட்டித் துன்னுச்சா?"

"துன்னுச்சி. இப்ப பரண் மேல தூங்குது. எழுப்பட்டுமா?"

எழுப்பட்டுமா என்றும் கேட்டேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"வாணாம், வாணாம். இப்பதான் வந்திருக்குது. என்னப் பாத்தா மனசு மாறிடும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வீட்டில் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவர், என் வீட்டில் மட்டும் என் வாய்ச் சொல்லை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே சின்னசேலம் பஸ் ஏறிவிட்டார்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சிக்கு மாத்திரை வாங்க வருவார். திரும்பும்போது எங்கள் ஊரில் இறங்குவார். செய்தித்தாளில் சுருட்டின கருவாடு ஒரு பொட்டலம் கையில் இருக்கும்.

"அதுக்கு" என்று நீட்டுவார். பூனை என்று சொல்ல மாட்டார்.

ஒருமுறை கொல்லைக்கு வேட்டைக்குப் போயிருக்கிறது என்றேன். ஒருமுறை பரண் என்றேன். ஒருமுறை குட்டி போட இடம் தேடுகிறது போல என்றேன். "அது அப்புடிதான்" என்று சந்தோஷமாகப் போய்விடுவார். மேலே ஒருதரம் போய்வரலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "போனா திரும்ப மனசு வராது சாமி. அதுவே வழிய மறந்துட்டு இருக்குது, நான் மறக்கலன்னா அசிங்கமில்ல?" என்றார்.

கருவாட்டைத் தெரு நாய்க்குப் போட்டேன். வேறு என்ன செய்ய? மூன்றாம் மாதத்திலிருந்து அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்த நாய் வாலாட்டிக்கொண்டு ஓடும். "இதுக்கு இன்னா எம்மேல இவ்ளோ ஆசை?" என்று அதன் தலையைத் தடவுவார். நான் உள்ளே போய்விடுவேன்.

"சொல்லிடுடி" என்பார் என் வீட்டுக்காரர். "ஒரு நாளைக்குத் தெரியத்தான் போவுது."

"அடுத்த மாசம் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை.

ஆனி மாதம் சின்னசேலத்தில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து, விலாசம் விசாரித்து அவர் மகன் வீட்டுக்குப் போனேன். மருமகள் நல்ல பெண். அவருக்குச் சூடாக ரசம் சோறு போட்டிருந்தாள். அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபேனுக்குக் கீழ குந்துங்க மாமான்னா கேக்க மாட்டாருங்க" என்றாள் மருமகள். "எப்பவும் இந்த வாசலப் பாத்துகினேதான் துன்னுவாரு."

அவர் என்னைப் பார்த்ததும் தட்டோடு எழுந்தார்.

"வாம்மா! அது எப்புடி இருக்குது?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது ஒன்று, சொன்னது ஒன்று.

"நல்லா இருக்குதுண்ணே."

"அதுவே தங்கிடுச்சி. எனக்கு இன்னா" என்று மறுபடி உட்கார்ந்தார். வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். நான் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆடி மாதம் குலசாமிக்குப் பொங்கல் வைக்க மகன் அவரை மலைக்கு அழைத்துப் போயிருக்கிறார். மூன்று நாள் கழித்து மதியம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் அவர் மட்டும் வந்தார். மாத்திரை வாங்குகிற நாள் இல்லை. கையில் கருவாடு இல்லை. நாய் ஓடிப்போய் மோந்து பார்த்துவிட்டு விலகிற்று. படியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து வைத்தார். என் பழைய புடவைத் துண்டு. நான் போட்ட முடிச்சு. ஐந்து மாதமாக அவிழ்க்கவே இல்லை.

"இந்தாங்கம்மா உங்க உப்பு. ஒரு படி. அளந்துக்குங்க."

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"பூட்டின கதவாண்ட குந்திகினு இருக்குது" என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு காது கிழிஞ்சிருக்குது. பக்கத்து வூட்டுக்காரங்க கூழு ஊத்தினாங்களாம். கதவப் பாத்துகினேதான் குடிக்குமாம். எப்ப வந்துச்சின்னு கேட்டேன். சித்திரையிலயேன்னாங்க. சித்திரையில நான் இங்கதாம்மா, கருவாடு வாங்கிகினு இருந்தேன்."

"பெரியவரே, தப்பு எங்களுதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். "ஆனா உங்க ஒடம்புக்கும் அங்க இருக்கறதுதான்..."

"ஒடம்பு அங்கதான் சாமி இருந்துச்சி."

பிறகு என்னைப் பார்த்தார். கோபமான முகம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"நீங்க அது வரலன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானும் வரலன்னு சொல்லியிருப்பேம்மா."

குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். சொம்பைப் படியில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். மன்னிப்பு என்கிற சொல்லை நான் சொல்லவில்லை.

அவர் மலையிலேயே தங்கிவிட்டார். சந்தைக்கு வரவில்லை. மாத்திரைக்கும் வரவில்லை. ஐப்பசி மழையில் இறந்துவிட்டார் என்று அவர் மகன் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். "எங்கப்பாகிட்ட நீங்க இன்னாதான் சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். பூனை என்ன ஆயிற்று என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் பொய்தான் ஐந்து மாதம் அவரை மாத்திரையோடு உயிரோடு வைத்திருந்தது என்கிறார் ஆலைக்காரர். அந்த ஐந்து மாதத்தை அவர் வாழ்விலிருந்து நான் திருடிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. எது சரி என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை முன்கதவை இப்போதும் திறந்துதான் வைக்கிறேன். எலிகளும் இருக்கின்றன.

அந்த உப்பைச் சமையலில் போட மனம் வரவில்லை. உப்பு மகாலட்சுமி, வெளியே கொட்டவும் கூடாது. பீங்கான் ஜாடியில் போட்டுச் சாமி அறையில் வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்தால் தானாகக் கசிந்து ஜாடிக்குக் கீழே ஈரம் கட்டும். துடைத்து வைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். புது வீட்டுக்குப் பூனை கொண்டு போகிறவர்களுக்கும், பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதால் வந்ததுதான் இவ்வளவும். காற்றில் கதவு திறந்துகொண்டது என்று எனக்காகச் சொல்லாதீர்கள். கடைசியில் அவர் மன்னித்தார் என்றும் சேர்க்காதீர்கள். உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தாரே, அதுவே மன்னிப்புதான் என்று எதிர்வீட்டம்மா சொல்கிறார். அன்றைக்கு வெயில் அதிகம். பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்தார். அவருக்குத் தாகமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.